தகட்டை மூட அதிகாரம் உள்ளவர்

திருவனந்தபுரத்தில் கரமனை அறிவியல் கழகம் என்றொரு ஸ்தாபனம். அங்கே இரண்டாயிரமாவது ஆண்டு ஒரு கம்ப்யூட்டரும், குறுந்தகட்டில் பதிவு செய்கிற சிடி ரைட்டர் ஒன்றும் வாங்கினார்கள். வாங்கியதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இயந்திரம் வந்தால் அதற்கு ஒரு துறை வேண்டும், துறைக்கு ஓர் இயக்குநர் வேண்டும், இயக்குநர் கூப்பிட்டால் எழுந்து நிற்க ஆட்கள் வேண்டும். மூன்றே வருடத்தில் அந்த ஒற்றை இயந்திரத்தைச் சுற்றி இருபத்தாறு அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இவர்கள் தவிர அனில் என்று ஓர் ஆபரேட்டர் இருந்தார். இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரைத் தினக்கூலியிலேயே வைத்திருந்தார்கள்.

கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்கள் ஆய்வேட்டைக் குறுந்தகட்டில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அந்தத் தகட்டையும் வெளியே கடைகளில் எழுதக்கூடாது, குறுந்தகட்டுப் பதிவுத் துறையில்தான் எழுத வேண்டும். வெளித் தகட்டில் வைரஸ் இருக்கும் என்பது காரணம். கடைக்காரன் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவான் என்பது உண்மைக் காரணம்.

இந்த விதியில்தான் ஞானசிகாமணி வந்து மாட்டினார். நாற்பத்து மூன்று வயது. பாறசாலையிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து, கழகத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக விரிவுரையாளர். எட்டு வருடமாகக் கரமனை ஆற்றங்கரையில் கொசுக்கடி வாங்கி, நாற்பத்தொரு வகைக் கொசுக்களின் ரீங்காரத்தைத் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து ஆய்வேடு எழுதியிருந்தார். மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்குள் அதை ஒப்படைத்து ரசீது வாங்கினால் வேலை நிரந்தரமாகும். வாங்காவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்து, ஏப்ரல் முதல் தேதி அவர் வேலைக்கு வர வேண்டியதில்லை. நாற்பத்து மூன்று வயதில் கொசுவின் குரலை மட்டும் அறிந்த மனிதனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

மார்ச் இருபத்து நான்கு, திங்கட்கிழமை. வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துவர்த்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் துறைக்கு வந்து சேர்ந்தார். அதில் முந்நூறு எம்.பி. கொசு இருந்தது.

பிரிவு அதிகாரி சுனில் அவரை உட்காரச் சொன்னார். துறையின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க விதிப் புத்தகத்தை எழுதியவர் சுனில்தான். அதைப் பேசும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு கனிவு வரும்.

“அவசரம் வேண்டாம் சாரே. முதல்ல டெக்னிகல் டேர்ம்ஸ் பரீட்சை. ரூல் மூணு. சிடி எழுதுறதுல உள்ள வார்த்தை ஒண்ணும் தெரியாத ஆளுக்குத் தகடு கொடுத்தா அது தகட்டுக்கே நாணக்கேடு, மனசிலாச்சா?”

“எனக்குக் கொசுவப் பத்தி தெரியும் சார்.”

“கொசு சிலபஸ்ல இல்ல.”

ஞானசிகாமணி கேன்டீனில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தை மத்தியானம்வரை மனப்பாடம் செய்தார். மூன்று மணிக்கு வாய்மொழித் தேர்வு. நடுநாயகமாக இயக்குநர் வெங்கடசுப்ரமணியன் இருந்தார். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், நெற்றியில் சந்தனம், முப்பத்தொரு வருட சர்வீஸ். அவர் முன்னால் தேநீர் கிளாஸ் ஒரு பளபளப்பான குறுந்தகட்டின்மேல் இருந்தது. மற்றவர்களின் கிளாஸ்களும் அப்படியே. எழுதும்போது கெட்டுப்போன தகடுகளைத் துறை வீணாக்குவதில்லை.

“லீட்-இன்னுன்னா என்ன?”

“தகட்டுல என்ன இருக்கு, எங்க இருக்குன்னு சொல்லுற முன்பகுதி சார்.”

“லீட்-அவுட்?”

“பதிவு இதோட முடிஞ்சுதுன்னு சொல்லுற பின்பகுதி.”

சபையில் ஒரு சங்கடம் நிலவியது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பதில் சரியாக்கும். ஆனா முடிஞ்சுதுங்கற வார்த்தையை நாங்க இங்கே அதிகமாப் பிரயோகிக்கறதில்லை. போகட்டும். பஃபர் அண்டர்ரன்?”

“லேசர் தகட்டுல எழுதிட்டு இருக்கும்போ கம்ப்யூட்டர் டேட்டா கொடுக்க லேட்டாச்சுன்னா, லேசர் காத்திருக்காது. தகடு கெட்டுப் போவும்.”

“பேஷ். மத்த ஆபீஸ்லே எல்லாம் வேலையை ஆரம்பிச்சுட்டு நடுவிலே லேட் பண்ணிண்டிருப்பா. அதுதான் ஆபத்து. நம்ம துறையிலே அந்த ஆபத்தே கிடையாது, கேட்டேளா? நாங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லேட் பண்ணிடுவோம்.”

ஞானசிகாமணி தேறிவிட்டார் என்று அறிவித்தார்கள். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பேர்ப்பட்ட மனிதர்.

செவ்வாய்க்கிழமை சிமுலேஷன். அதாவது லேசரை அணைத்துவிட்டு, எழுதுவதுபோல் பாவனை செய்து பார்ப்பது. தகடு சுற்றும், திரையில் சதவீதம் ஏறும், தகட்டில் ஒரு புள்ளிகூட விழாது. சாதாரண மனிதர்கள் இதை ஒருமுறை செய்து பார்ப்பார்கள், அல்லது செய்யவே மாட்டார்கள். துறையோ முதல் இரண்டு வருடம் இதை மட்டுமே செய்திருந்தது.

“ரெண்டு வருஷத்திலே ஆயிரத்து நூத்தியெண்பது தகடு!” என்று இயக்குநர் சுவரில் இருந்த பாராட்டுப் பத்திரத்தைக் காட்டினார். “நூறு சதவீதம் வெற்றி. ஒரு தகடு கூட சேதமில்லை. செக்ரட்டேரியட்லேர்ந்து வந்து பாத்துட்டு, எல்லா டிபார்ட்மென்ட்டும் இப்படி வேலை பண்ணினா நாடு எங்கேயோ போயிடும்னு சொல்லிட்டுப் போனா.”

“அந்தத் தகட்டுல எல்லாம் என்ன இருக்கு சார்?”

“ஒண்ணும் இல்லை. அதான் சேதமில்லைன்னு சொல்றேனே.”

புதன்கிழமைதான் மெய்யான எழுத்து. அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். நிலவிளக்கு ஏற்றி, ரைட்டருக்கு மேல் ஒரு தெச்சிப்பூ வைத்தார்கள். பஃபர் அண்டர்ரன் வந்துவிடக் கூடாது என்று மாடி முழுவதும் தொலைபேசி ரிசீவர்கள் எடுத்துக் கீழே வைக்கப்பட்டன, லிஃப்ட் நிறுத்தப்பட்டது. லிஃப்டுக்குள் அக்கவுண்ட்ஸ் பிரிவு அதிகாரிகள் இருவர் இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ரைட்டருக்கு நான்கு மடங்கு வேகம் உண்டு. ஆனால் ஒரு மடங்குக்கு மேல் போக நிதித்துறையின் ஒப்புதல் வரவில்லை.

ஒவ்வொரு தகட்டிலும் முதலில் இயக்குநரின் முன்னுரை இருக்க வேண்டும் என்பது ரூல் ஆறு. எழுத்தில் அல்ல, அவருடைய குரலிலேயே பத்து நிமிடம். அது மட்டும் நூறு எம்.பி. கொசுக்கள் அதற்குப் பின்னால்தான் பாட வேண்டும்.

முக்கால் வாசி எழுதியாயிற்று. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இந்த மௌனத்தின் மகிமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல இயக்குநருக்கு ஆசை வந்தது. சொன்னார். சொல்வதற்கு உதாரணமாகத் தம் மகள் கல்யாணத்தில் நாதஸ்வரம் நின்ற அந்த ஒரு கணத்தைக் காட்ட விரும்பி, அதே கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோவைத் திறந்தார். கம்ப்யூட்டர் திணறியது. லேசர் காத்திருக்கவில்லை.

“கண்டேளா?” என்றார் இயக்குநர், அணைந்துபோன திரையைக் காட்டி. “இதைத்தான் பஃபர் அண்டர்ரன்னு சொல்றது. இவ்வளவு தெளிவா எந்தக் காலேஜிலும் காமிச்சுத் தர மாட்டா.”

கெட்ட தகட்டின்மேல் ஞானசிகாமணிக்கு ஒரு தேநீர் வந்தது.

வியாழக்கிழமை காலை புதிய தகடு எழுதப்பட்டது, கெடவும் இல்லை. எழுதி முடித்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது: தகட்டை மூடவா? அனில் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

“சாரே, நீங்க வந்து ‘வேண்டாம்’ அமத்தணும். ரூல் பதினொண்ணு.”

“நீங்களே அமத்தலாமே?”

“அய்யோ! வேணுமா வேண்டாமான்னு மெஷின் கேக்குது. அப்போ அது தீருமானமல்லே? தீருமானம் எடுக்க இங்க ஆர்க்கும் பவர் இல்ல. வெளியாள்தான் அமத்தணும். அமத்திட்டு இந்த ஃபாரத்துல ஒப்பு இடணும்.”

தகட்டை மூடுவது என்றால் அதற்குமேல் அதில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி முடித்துவைப்பது. மூடாவிட்டால் பலதடவை எழுதலாம், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு செஷன் என்று பெயர். துறைக்கு இந்தச் செஷன் என்ற ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. காகிதமில்லாத அலுவலகம் என்று அறிவித்திருந்தபடியால் அதிகாரிகளின் குறிப்புகள் தகட்டிலேயே எழுதப்பட வேண்டும், காகிதத்தில் எழுதினால் செல்லாது. குறிப்பு எழுதுவது கட்டாயமல்ல, அது அதிகாரியின் உரிமை. உரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரி இதுவரை பிறக்கவில்லை. ஆகவே ஒரு தகடும் மூடப்படவில்லை. பீரோவில் நானூற்றுப் பதினோரு தகடுகள், நானூற்றுப் பதினோரு பேருடைய படிப்பு, அடுத்த குறிப்புக்காகத் திறந்தே கிடந்தன.

ஞானசிகாமணி ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். குறிப்புகள் தொடங்கின.

முதல் அதிகாரி, ‘பார்த்தேன்’ என்று எழுதினார். இரண்டாமவர், ‘முதல் அதிகாரி பார்த்ததைப் பார்த்தேன்’ என்று எழுதினார். மூன்றாமவர் விடுப்பில் இருந்ததால் அவர் பார்க்கவில்லை என்பதை நான்காமவர் எழுதினார். விடுப்பிலிருந்து வந்த மூன்றாமவர் அதை மறுத்து எழுதினார். ஏழாமவர், ‘கொசுக்களில் பெண் கொசுக்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் உள்ளதா?’ என்று கேட்டார். கடிப்பது பெண் கொசுதான் என்று ஞானசிகாமணி வாயால் சொன்ன பதிலை எட்டாமவர், ‘விண்ணப்பதாரர் பெண்களைக் குறைகூறுகிறார்’ என்று பதிந்தார். இயக்குநர் ஒரே வார்த்தை எழுதினார்: ‘பேசவும்.’ யார் யாரோடு எதைப் பேச வேண்டும் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு முன்பகுதியும் பின்பகுதியும் தனியாக வேண்டும். ஆகவே ‘பார்த்தேன்’ என்ற ஒற்றை வார்த்தை தகட்டில் பதின்மூன்று எம்.பி. இடத்தைத் தின்றது. ஒரு கொசு ஏழு எம்.பி.தான். சனிக்கிழமை மாலை பதினேழாவது குறிப்போடு தகடு நிரம்பிவிட்டது. இன்னும் ஒன்பது அதிகாரிகள் பார்க்க வேண்டியிருந்தது.

சுனில் மெய்யாகவே வருத்தப்பட்டார். “வேற வழியில்ல சாரே. திங்களாழ்ச்ச புது தகடு எடுக்கலாம். இருபத்தாறு குறிப்புக்கும் இடம் வேணும். நீங்க தீசிஸை ஒண்ணு சுருக்கிட்டு வரணும்.”

“முன்னுரையைக் கொஞ்சம் சுருக்கலாமே சார்?”

அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்த பார்வையில், தான் ஏதோ கோயிலுக்குள் அசைவம் சாப்பிடக் கேட்டுவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்த கையோடு ஞானசிகாமணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தக் கொசுவைத் தள்ளுவது என்று பட்டியல் போட்டார். பதினாறு கொசுக்களை விட்டால்தான் இடம் சரியாக வரும். ஒவ்வொன்றையும் ஒருமுறை போட்டுக் கேட்டார். நெடுங்காடு பாலத்தடியில் முழங்காலளவு சேற்றில் நின்று பிடித்தது ஒன்று. டெங்கு தந்து பதினெட்டு நாள் படுக்க வைத்தது இன்னொன்று. அதன்மேல்கூட அவருக்குப் பாசமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதார்.

அடுக்களையிலிருந்து பிரிஸில்லா எட்டிப் பார்த்தாள். அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

“சோறு ஆறுது. அங்க இருந்து என்ன செய்யுதிய?”

அவர் சொன்னார். அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

“எட்டு வருசம் கடி வாங்குனது நீங்க. இவனுவ ‘பாத்தேன்’னு எழுதுததுக்கு எதுக்கு பதினாறு கொசுவக் கொல்லணும்?”

“ரூல் அப்படி இருக்குல்லா.”

“பதினாற வெட்டுனியண்ணா, வெட்டுனது சரியான்னு இருபத்தாறு பேரும் திரும்ப ஒருக்கா எழுத மாட்டானுவளா? அப்போ எங்க போவிய இடத்துக்கு? கணக்கு தெரியாம பேசப்பிடாது. கடைசில கொசுவே இருக்காது, அந்த ஆளுக்க பிரசங்கம் மட்டும்தான் இருக்கும். வந்து சாப்பிடுங்க.”

அவள் பட்டியலைக் கிழித்து அடுப்பில் போட்டாள். கணக்கு டீச்சர் சொன்னால் அதில் தப்பு இருக்காது.

திங்கட்கிழமை, மார்ச் முப்பத்தொன்று. அவர் நாற்பத்தொரு கொசுக்களோடும் வந்தார். ஆனால் நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் மிச்சமிருந்த பணத்தைச் செலவழிப்பதற்கான கூட்டத்தில் துறை முழுவதும் இருந்தது. இரண்டரை மணிக்கு, இன்னொரு துறைக்கு இன்னொரு சிடி ரைட்டர் வாங்குவதென்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது. விளக்குக்கு எண்ணெய் இல்லை. எண்ணெய் வந்தபோது தீப்பெட்டி இல்லை. மூன்று முப்பத்தைந்துக்கு லேசர் எழுதத் தொடங்கியது. ஞானசிகாமணி வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். முன்னுரை ஏறியது, கொசுக்கள் ஒவ்வொன்றாக ஏறின. நான்கு இருபதுக்கு எழுத்து நின்றது.

தகட்டை மூடவா?

அனில் எழுந்து வழிவிட்டார். பின்னால் இருபத்தாறு அதிகாரிகள் அவரவர் குறிப்புகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் இரவு ஒன்பதாகும். ஞானசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். மணி பார்த்தார். பிரிஸில்லா பட்டியலைக் கிழித்த விதத்தை நினைத்தார். ‘ஆம்’ என்பதை அழுத்தினார்.

ரைட்டரின் சின்ன விளக்கு மினுங்கத் தொடங்கியது.

“சாரே, என்னத்தை அமத்தினது?” என்றார் அனில் மெல்லிய குரலில்.

“ஆம்.”

அந்தத் துறையில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. வரிசை குலைந்தது. ஒருவர் விசிலடித்தார், ஏன் அடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஏழாம் அதிகாரி ஜன்னலைத் திறந்தார், எட்டாமவர் மூடினார்.

“நிறுத்துடா அனில்! கரண்டைப் பிடுங்கு!” என்று இயக்குநர் கத்தினார்.

“நடுவுல பிடுங்கினா தகடு போகும் சார். கழகத்தோட சொத்தை நசிப்பிச்சதுன்னு ஆராவது எழுதி ஒப்பு இடணும். ஆர் இடுவா?”

இருபத்தாறு பேரும் தரையைப் பார்த்தார்கள். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நிமிடத்துக்குப் பிறகு ரைட்டர் வாயைத் திறந்து தகட்டை நீட்டியது. துறையின் சரித்திரத்தில் ஒரு வேலை முடிந்திருந்தது.

“ஆட்சேபம் பதியும் சுனில்! கடுமையா ஒரு ஆட்சேபம்!” என்றார் இயக்குநர்.

சுனில் தகட்டைத் திரும்ப உள்ளே தள்ளித் தட்டச்சு செய்தார். இந்தத் தகட்டில் இனி எழுத முடியாது என்று திரை சொன்னது. மறுபடி முயன்றார். மறுபடியும் சொன்னது.

“காகிதத்திலே எழுதும்!”

“செல்லாது சார். ரூல் பதினாலு. ஆட்சேபம் தகட்டுலதான் இருக்கணும்.” சுனில் தான் எழுதிய புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்தது. “சார்… ரூல் இருபத்திரெண்டு. தகட்டுல ஆட்சேபம் ஒண்ணும் இல்லேன்னா உடனே ரசீது கொடுக்கணும்.”

“இப்படி ஒரு ரூலை எந்த மடையன் எழுதினான்?”

“நான்தான் சார்.” சுனில் நிமிர்ந்து நின்றார். “எழுதும்போ இது ஒருநாளும் நடக்காதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சுதான் எழுதினேன். ஆனா ரூல் ரூலாக்கும். நான் அதை மீற மாட்டேன்.”

நான்கு ஐம்பத்தேழுக்கு ரசீது கிழிக்கப்பட்டது. ஞானசிகாமணி அதை வாங்கி இரண்டு முறை படித்தார். வேலை நிரந்தரம். அவருக்குச் சிரிப்பு வந்து, நிறுத்த முடியாமல், படிக்கட்டுவரை சிரித்துக்கொண்டே போனார்.

“மிஸ்டர் ஞானசிகாமணி.”

இயக்குநர் தனியாகப் பின்னால் வந்திருந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அவரைத் தம் அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து, பட்டுத்துணியில் சுற்றிய ஒரு தகட்டை எடுத்தார். அதன்மேல் ‘எண் 1’ என்று எழுதியிருந்தது.

“என்னோட தீசிஸாக்கும். நெஜமா எழுத ஆரம்பிச்சப்போ மத்தவாளுக்கு முன்மாதிரியா இருக்கட்டும்னு நானே முதல்லே பதிஞ்சேன். ஒரு வருஷமாச்சு. மே மாசம் ரிட்டயராறேன். பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு ஒருநாளாவது ஆபீஸுக்கு வரணும்னு ஆத்துக்காரி ஆசைப்படறா. எனக்கும்தான்.” அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. “இதையும் அப்படி ஒண்ணு மூடித் தருவேளா?”

ஞானசிகாமணிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவம் என்று நினைத்தார். ஆறு மணிக்குள் எல்லாரும் போய்விட, இருவரும் இயந்திர அறைக்குப் போனார்கள். ஞானசிகாமணி தகட்டை உள்ளே வைத்தார். இருபத்து மூன்று செஷன்கள் இருந்தன. அதில் பத்தொன்பது, இயக்குநர் தம் ஆய்வேட்டின்மேல் தாமே எழுதிய குறிப்புகள்.

தகட்டை மூடவா?

“அமத்தட்டுமா சார்?”

இயக்குநர் கண்ணை மூடிக் கும்பிட்டார். உதடு முணுமுணுத்தது. பிறகு சட்டென்று கையை நீட்டி ஞானசிகாமணியின் விரலைப் பிடித்தார்.

“ஒரு நிமிஷம். மூடறதிலே எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு ஒரே ஒரு குறிப்பு எழுதிடறேன். எழுதிட்டு மூடலாம்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். ஞானசிகாமணி சற்று நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு ரசீதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, செருப்பைக் காலில் மாட்டி, பாறசாலை வண்டியைப் பிடிக்கத் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு நடந்தார்.